சாப்பிடக் கூப்பிடும் பெயர்

அரண்மனைக் கோயிலில் காலை வெயில் சாய்வாக இறங்கி, பொன் பூசிய புது நினைவுப் பலகையின் மேல் தெறிக்கிறது. சாகும்வரை தளபதியாகவே இருந்த மெங் ஷோவுக்கு, மூத்த மகன் அரியணை ஏறிய பிறகு பேரரசர் பட்டம் கிடைத்திருக்கிறது. பேரரசரின் தந்தை பெயரை இனி நாட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பலகைக்கு முன்னால் படைத்த தினைக்கஞ்சியில் ஆவி அடங்கி ஆடை படிகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் இறந்தவர் படையலுக்கு வராமல் பசியோடு வெளியிலேயே நிற்பாரே என்று தவிக்கிறாள் அவர் மனைவி லுவான். "பேர் சொல்லிக் கூப்பிடாம உங்கப்பா என்னைக்குடா சாப்பிட வந்திருக்கார்?" "சட்டம்மா. நானே போட்டது," என்று மூத்தவன் முணுமுணுக்கிறான். "அம்மாவுக்கே சட்டம் போட்ட சூரன் நீதாண்ணா," என்கிறான் அடுத்துப் பட்டத்துக்கு வரவிருக்கும் இளையவன். சடங்கு அதிகாரி தலை குனிந்து தரையையே பார்க்கிறார். லுவான் கஞ்சிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். மூத்தவன் முத்துச்சரங்கள் சலசலக்க மகுடத்தைக் கழற்றிக் கீழே வைக்கிறான்; மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொள்கிறான். இளையவனும் பொத்திக்கொள்கிறான். அதிகாரியின் கைகளும் தயங்கித் தயங்கி மேலே போகின்றன. லுவான் வாசல் பக்கம் திரும்பி, பழைய வீட்டில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிடுகிறாள்: "ஷோ! கஞ்சி ஆறுது, வா!"