இத்தாலி அணி மாறிய வாரம்

சுபேதார் அருமைநாயகம் காவல் சிப்பாயின் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இன்னிலேர்ந்து இது வாணாம்பா. இத்தாலிக்காரன் ஜெர்மன்காரன விட்டுட்டான். இப்ப நம்ம பக்கம்."

"சரி சாப்" என்றான் அவன்.

தோள் லேசாக இருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

பெங்களூருக்கு வெளியே, கம்பிவேலி போட்ட அந்த முகாமில் இருந்தவர்கள் எல்லோரும் இத்தாலியப் போர்க்கைதிகள். முதலில் அவர்கள் நாடு சரணடைந்தது. இந்த வாரம் ஜெர்மனியின் மீதே போர் தொடுத்துவிட்டது.

வேலிக்குள் அன்றே இரண்டு கட்சி. முசோலினி என்று ஒரு கூட்டம். ஜெர்மனியைக் கைவிட்ட ராஜா என்று ஒரு கூட்டம். கட்டில் சட்டத்தைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள்.

ராஜாவுக்குக் கை தூக்கியவர்கள் இனி நண்பர்கள். வெளியே வேலைக்குப் போகும்போது துணைக்கு ஒரு ஆள் போனால் போதும்.

நிக்கோலா கை தூக்கியிருந்தான்.

வாயிலைத் தாண்டி வந்தபோது அவன் மேலுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

ஊரில் நிக்கோலா கொத்தனார். இங்கே ஏரிக்கரைச் செங்கல் சூளையில் வேலை. ஒரு வருஷமாக அவனைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவன் இவன்தான். கைதி முன்னால். துப்பாக்கி பின்னால்.

தான் எங்கே பிடிபட்டான் என்று ஆரம்பத்திலேயே நிக்கோலா சொல்லியிருந்தான். கெரென். எரித்திரியாவில் ஒரு மலை. பாதி தமிழிலும் பாதி கையாலுமாகச் சொன்னான். ஒரு கல்லுக்குப் பின்னால் குப்புறப் படுத்தான். இயந்திரத் துப்பாக்கியைப் பிடிப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டான். கீழேயிருந்து ஏறி வருகிறவர்களைக் காட்டினான். வாயால் சத்தம் கொடுத்தான்.

பெருமை இல்லை. தான் கட்டிய சுவரைப் பற்றிக் கொத்தனார் சொல்வதுபோல்தான் சொன்னான்.

அந்த மலையில் ஏறியவர்களில் ஏகாம்பரமும் ஒருவன்.

இந்தக் காவல் சிப்பாயின் தம்பி. மேலே போய்ச் சேரவில்லை.

இதை அவன் முகாமில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

தப்பி ஓடுகிற கைதியைச் சுடலாம். அதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஏரிக்கரைத் திருப்பத்தில் தாழம்புதர் மண்டிக் கிடக்கும். அங்கே வந்ததும் சிப்பாய் நடையைத் தளர்த்துவான். முன்னால் போகிறவன் மறையட்டும் என்று விடுவான்.

ஓடு.

நிக்கோலா ஒருநாளும் ஓடியதில்லை. புதருக்கு அந்தப் பக்கம், அவன் வந்து சேரும்வரை காத்துக்கொண்டு நிற்பான்.

இன்றைக்கும் பழக்கத்தில் நிக்கோலா முன்னால்தான் நடந்தான். கொஞ்ச தூரம் போய் நின்றான். திரும்பி வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டான்.

கரை குறுகல். தோளோடு தோள் உரசியது. டிங்சர் வாடை அடித்தது.

தாழம்புதர் வந்தது. நிக்கோலா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"என் தம்பி" என்றான். "கிரேக்க தேசம். பட்டாளம். போன மாசம் ஜெர்மன் சிநேகிதம். ஒரே ரொட்டி. இப்ப ஜெர்மன் எதிரி. தம்பி அவங்க நடுவுல."

அதற்குமேல் சொல்ல அவனிடம் தமிழ் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான்.

சிப்பாய் தன் தண்ணீர்க் குப்பியைத் திறந்து குடித்தான். மூடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு நீட்டினான்.

கிழிந்த உதட்டில் படாமல் தலையை அண்ணாந்து நிக்கோலா குடித்தான்.

"உனக்கு? தம்பி?"

ஏரியில் யாரோ எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சொல்லலாம். கெரென் என்ற ஒரு சொல் போதும். சாகிறவரைக்கும் இந்த ஆள் அதைச் சுமந்துகொண்டு திரிவான். துப்பாக்கியே வேண்டாம்.

நிக்கோலா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கான்" என்றான் அவன்.

"எங்க?"

"ஊர்ல. கல்யாணம் பேசிட்டு இருக்காங்க."

நிக்கோலா சிரித்தான். சிரித்ததில் உதடு மறுபடி கிழிந்து ரத்தம் துளிர்த்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

இருவரும் நடந்தார்கள்.

பெண் எந்த ஊர் என்று நிக்கோலா கேட்டான்.

கணியம்பாடி என்றான் அவன். நல்ல குடும்பம் என்றான். பெண் கொஞ்சம் கறுப்பு, தம்பிக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை என்றான்.

சூளை வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே போனான்.