உள்ளே ஒரு கம்ப்யூட்டர்

"அந்தச் செழியன் என்னை இன்னான்னு நெனைச்சிக்கினு இருக்கான் சார்?"

கோகிலவாணி உட்காரக்கூட இல்லை. கோபத்தில் மூச்சு வாங்கியது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பகலவன் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையம் அது. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவன் செழியன். ரிப்போர்ட் டைப் செய்ய அவள் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. முப்பத்தெட்டு வயசு. தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ். புருஷன் போனபிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அலைந்து திரிந்து பிடித்த முதல் வேலை.

"இன்னாம்மா ஆச்சு?"

"எனக்குக் குடுத்திருக்கிறது நெஜ கம்ப்யூட்டரே இல்ல சார். இன்னிக்கு எதையோ அமுக்கிட்டேன், திரை சுருங்கிப்போச்சு. பின்னால பார்த்தா வேற ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கினு இருக்குது. அதுக்குள்ள பெட்டி மாதிரி ஒண்ணு கட்டி, அதுல என்னை உக்கார வச்சிருக்கான்!"

பகலவன் சிரித்தார்.

"வர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொண்ணு. உள்ள இருக்கிறது கெட்டாலும் வெளிய இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆவாது. காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வச்சிக்கலாம். அவன் கேட்டான், நான்தான் சரின்னேன்."

"அவன் மிஷின்ல அந்தப் பெட்டி இல்லையே சார்? எனக்கு மட்டும் ஏன்? கொழந்தைக்குச் சொப்பு குடுத்த மாதிரி! என்னைவிடப் பத்து வயசு சின்னவன். மிஷின் கொஞ்சம் தகராறு பண்ணா போதும், 'டீ சாப்ட்டு வாங்கக்கா'ன்னு என்னை வெளிய அனுப்பிட்டு என் எடத்துல உக்காந்துக்கறான். இன்னா பண்ணேன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டான்."

பகலவனின் சிரிப்பு நின்றது.

"நீ போம்மா. நான் பார்த்துக்கறேன்."

மத்தியானம் செழியனை உள்ளே கூப்பிட்டார். பத்து நிமிஷம்தான். வெளியே வந்தவன் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வரேன்க்கா. என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாரு. நீங்க அந்தப் பெட்டிக்குள்ளயே வேலை பாருங்க. வெளிய வந்துடாதீங்க."

போகும்போதும் இளக்காரமா? கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே சர்வீஸ்காரரை வரவழைத்து, பகலவனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பெட்டியை அழிக்கச் சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்கும் நிஜக் கம்ப்யூட்டர். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெயிலில் ஏதோ ஒன்று வந்திருந்தது. நோயாளி யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று திறந்தாள். திரை கறுத்தது. திரும்ப வந்தபோது எந்த ரிப்போர்ட்டும் திறக்கவில்லை. எல்லாம் புரியாத எழுத்தாக நின்றது.

வெளியே பெஞ்சில் பச்சையம்மாள் காத்திருந்தாள். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கியவள். எட்டு மாத வயிறு.

"ரிப்போர்ட்டோட ஒரு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்காங்கம்மா. குடுத்தீங்கன்னா கெளம்பிடுவேன்."

"அது... அழிஞ்சிபோச்சும்மா. மறுபடியும் ரத்தம் எடுக்கணும்."

"ரத்தம் கம்மியா இருக்குதுன்னுதான் என்னை இங்க அனுப்புனாங்க. இருக்கறதையும் எடுக்கறீங்களே..."

சொல்லிக்கொண்டே பச்சையம்மாள் கையை நீட்டினாள். ஒல்லிக் கை. கோகிலவாணியால் அதைப் பார்க்க முடியவில்லை. பின்பக்கம் போய் செழியனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எல்லாம் போச்சுப்பா. ஒரு ரிப்போர்ட்டும் தொறக்கல. நீ வந்து திருப்பி வச்சிக் குடுப்பா."

"அழாதீங்கக்கா. பெட்டிக்கு உள்ளதான இருந்தீங்க?"

"அந்தப் பெட்டிய நான் அழிக்கச் சொல்லிட்டேன் தம்பி."



"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. நெட் ஒயரைப் புடுங்கிடுங்க. அங்க இருக்கிற வேற எந்த மிஷினையும் தொடாதீங்க."

"நீ இப்ப எங்கப்பா இருக்க?"

"சங்கராபுரத்துல ஒரு செல்போன் கடையில நிக்கிறேன்க்கா. ஆள் வந்துட்டாங்க, வச்சிடறேன்."

குரலில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. சாயங்காலம் பகலவன் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னுதுதான் சார். அந்த மெயில நான்தான் தொறந்தேன். செழியனைப் பத்தியும் இல்லாததைச் சொல்லிட்டேன். என் பேச்சைக் கேட்டு அவனை அனுப்பிட்டீங்க. திரும்பக் கூப்புடுங்க சார்."

"உன் பேச்சைக் கேட்டு ஆறு வருஷம் வேலை பார்த்தவனை அனுப்புவேனா?"

பகலவன் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"இங்க யாரு தப்புப் பண்ணாலும் தேதி போட்டு, அவங்கவங்க பேரை இதுல எழுதி வைக்கணும். அந்தப் பொறுப்பு செழியனுது. நீ வந்து சொன்ன அன்னிக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு இதைப் பொரட்டுனேன். மூணு தப்புக்கு மேல போனா நான் யாரையும் வச்சிக்கிறதில்ல. இவன் பதினொண்ணு! எல்லாம் அவன் கையாலயே எழுதி வச்சிருக்கான். நீ ஒரே தடவைதான? போம்மா, போய் வேலையப் பாரு."

கோகிலவாணி நோட்டைப் புரட்டினாள்.

ஐந்தரை வருஷத்துக்கு அதில் செழியன் பேர் எங்குமே இல்லை. அவனுடைய முதல் தப்புக்குப் போட்டிருந்த தேதி, அவள் வேலைக்குச் சேர்ந்த மறுநாள்.