இருட்டில் ஒரு சண்டைப் படம்

ஊரே இடிந்து விழும், ஒரு செங்கல்கூடக் கீழே விழாது. அது என்ன? சினிமாத் திரைதான்.

அதன் ஓரத்தில் ஒரு பல்லிக்குட்டி பசியோடு காத்திருந்தது. வெளிச்சமான காட்சி வந்தால்தான் திரைக்குப் பூச்சி வரும். இந்தப் படத்திலோ ராட்சத ரோபோவும் ராட்சத மிருகமும் மழையிலும் இருட்டிலுமே மோதிக்கொண்டன.

“மிருகத்தோட வாலைப் பாத்தியா? நம்ம வம்சம்டா!” என்றது பல்லி மாமா.

“போய்யா! ரோபோ குத்தினாத்தான் ஜனங்க துள்ளுறாங்க, பாப்கார்ன் கொட்டுது. ரோபோதான் ஹீரோ!” என்றது நாற்காலிக்கு அடியிலிருந்த எலி.

“மாப்ளே, நீயே சொல்லு. நீ யார் பக்கம்?” என்றது மாமா.

அந்த நேரம் அரங்கத்தின் விளக்குகள் எரிந்தன. பூச்சிகள் மொய்த்தன.

“இடைவேளை பக்கம்” என்று சொல்லிவிட்டுக் குட்டி சாப்பிடப் போனது.