இரண்டாவது பாட்டிலுக்கு எட்டு மார்க்

கிளாஸைக் காம்பில் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினார். மூக்கை உள்ளே விட்டார்.

ஒன்றும் இல்லை.

கண்ணாடி குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

மூன்று பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி வளர்மதி. அவள் தம்பி குணாளன். குணாளனின் மனைவி நிவேதா, கையில் போனோடு.

குணாளனுக்குப் பதவி உயர்வு. அதற்கான விருந்து. புதுச்சேரியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மெனுவைப் படிக்க முடியாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, அந்த இருட்டுக்கும் சேர்த்து பில் போடுகிற ஓட்டல்.

இரண்டு சிவப்பு ஒயின். எது உசத்தி என்று அவர் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் அந்த வேலை அவருடையது. கல்யாணப் பந்தியில் ரசத்தை முகர்ந்து பார்த்தே, மிளகு போன வருஷத்தது என்று சொன்னவர். சமையல்காரர் அன்று சாப்பிடாமல் போனார்.

அந்த மூக்கு தை மாதக் காய்ச்சலோடு போய்விட்டது.

"வரும் சார், எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர், கரண்ட் போன வீட்டுக்குப் பதில் சொல்வதுபோல.

வேறு யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

கௌரவம் ஒரு காரணம். அது சின்னக் காரணம்.

பெரிய காரணம், பக்கத்து நாற்காலியில் நாப்கினை மடியில் விரித்துக்கொண்டிருந்தது.

வளர்மதி வைத்த குழம்பில் குறை சொல்லாமல் அவர் எழுந்த நாள் கிடையாது. பெருங்காயம் தூக்கல். கடுகு கருகல். தேங்காய் நேற்று உடைத்தது. அவளும் பதிலுக்கு நாலு சொல்வாள். பாத்திரங்கள் மிச்சத்தைச் சொல்லும்.

தை மாதத்துக்குப் பிறகு அவருக்கு உப்பு, புளி, காரம். மீதி எல்லாம் வெறும் சூடு. குறை கண்டுபிடிக்க வழியில்லாமல் "நல்லா இருக்கு" என்றார். முதல் நாள் அவள் நம்பவில்லை. மறுநாள் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

இப்போதெல்லாம் சமையலறையிலிருந்து பாட்டு கேட்கிறது. அவளுக்குப் பாட வரும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. சுருதி கொஞ்சம் விலகும். அதையும் அவர் சொல்வதில்லை.

மூக்கு விஷயம் வெளியே வந்தால் அந்தப் பாட்டு நின்றுவிடும்.

"என்ன மாமா, தியானமா?" என்றான் குணாளன்.

ஒரு வாய் உறிஞ்சினார். புளிப்பு. நாக்கை இழுக்கும் துவர்ப்பு. அவருக்குக் கிடைத்த மொத்தத் தகவலும் அதுதான். இதைவிடக் குறைந்த தகவலை வைத்துக்கொண்டு ஆட்கள் புத்தகமே எழுதியிருக்கிறார்கள்.

"முதல் மழை," என்றார். "அப்புறம் கிராம்பு. கடைசியில லேசா தோல் பை. பழைய தோல் பை."

குணாளன் முகர்ந்தான். "ஆமா மாமா! தோல் பை!"

நிவேதாவுக்குக் கிராம்பு கிடைத்தது. ஒயின் இதயத்துக்கு நல்லது என்பதற்காக மட்டுமே அவள் குடிக்கிறாள். இதயத்தை நன்றாகவே கவனித்துக்கொண்டிருந்தாள்.

வளர்மதி தன் கிளாஸைத் தொடவில்லை.

இரண்டாவது பாட்டில். அதே புளிப்பு. அதே துவர்ப்பு.

ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிறவனை யாரும் நிபுணன் என்பதில்லை.

"அது தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்கு. இது கம்முனு இருக்கு. விஷயம் உள்ளவன் இப்படித்தான் இருப்பான். அதுக்கு ஆறு மார்க். இதுக்கு எட்டு."

"எனக்கென்னவோ நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி..." என்று இழுத்தான் குணாளன்.

"அதுதான்டா முதிர்ச்சி."

குணாளன் தலையாட்டினான். முதிர்ச்சியை இன்னொரு வாய் குடித்தான். முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு அந்த இருட்டிலும் தெரிந்தது.

"அண்ணா, இன்னொரு தடவை மோந்து பாருங்க," என்றாள் நிவேதா. "வீடியோ எடுக்க விட்டுப்போச்சு."

சுற்றினார். மூக்கை உள்ளே விட்டார். வீடியோவுக்காகக் கண்ணையும் மூடினார்.

அட்டைப்பெட்டி.

மழையில் நனைந்து, மூலையில் கிடந்து, பூஞ்சை பிடித்த அட்டைப்பெட்டி.

கண்ணைத் திறந்தார். வெண்ணெயில் தீயும் பூண்டு. மெழுகுவர்த்தி. நிவேதாவின் சென்ட். வளர்மதியின் பட்டுப்புடவையில் பாச்சை உருண்டை. படம் விட்ட தியேட்டர் கூட்டம்போல எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.

தும்மல் வந்தது. கூடவே அழுகையும் வரும்போல் இருந்தது. தும்மலை மட்டும் விட்டார்.

வளர்மதி திரும்பிப் பார்க்கவில்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு திரும்பிடுச்சா?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பெட்டி கட்டும் விருந்தாளியிடம், அதுக்குள்ளயா என்று கேட்கிற குரல்.

தெரிந்தேதான் பாடியிருக்கிறாள்.

அவர் கிளாஸை மேசையில் வைத்தார்.

"எந்த மூக்கு?" என்றார்.

முள் எடுத்த விரல்கள் ஒரு கணம் நின்றன.

"மாமா, நெஜமாச் சொல்லுங்க." குணாளன் இரண்டாவது பாட்டிலை மெழுகுவர்த்திக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். "இதுக்கு எட்டுதானா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி தன் கிளாஸை எடுத்தாள். ஒரு வாய் நிறையக் குடித்தாள். இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு சுருக்கம் விழுந்தது. விழுங்கியதும் அது போய்விட்டது.

"எட்டு கம்மிடா," என்றாள். "ஒம்போது போடலாம்."