ஒரு கைக்கு மட்டும்

“வெளுத்துப் போகாம இருக்கணுங்க. அதுக்கு ஒரு கிரீம் குடுங்க.”

கலைமணி மருந்துக்கடையில் கேட்டது இதே வார்த்தைகள்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. கடைக்காரர் பாலசுந்தரம் சிரித்துச் சிரித்துப் பலரிடம் சொன்னது, ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் மாறித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

“வெளுக்கறதுக்குத்தானம்மா எல்லாரும் கேப்பாங்க” என்றாராம் அவர். “நெறத்துக்கு மாத்திரைகூட வந்திருக்குது. ஒரு மாசம் முழுங்கினா மொகம் பளபளன்னு ஆயிரும்.”

“மாத்திரை வேண்டாமுங்க. வெயிலு உள்ள போகாம தடுக்கற மாதிரி, மேல பூசறது.”

“சன்ஸ்கிரீனா? மொகத்துக்குத்தானே?”

“கைக்குங்க. ஒரு கைக்கு மட்டும் போதும்.”

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் அவளுக்குக் களத்து வேலை. பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஈர ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காயக் காயப் புரட்டிவிட வேண்டும். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும் களம். பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். கலைமணியும் போட்டிருந்தாள். ஆனால் அவள் மட்டும் இடது சட்டைக்கைக்குள் விரலை விட்டு, முழங்கைக்குக் கீழே கிரீமைத் தேய்த்துக்கொண்டுதான் களத்தில் இறங்குவாள்.

“சட்டைக்குள்ள இருக்கற கைக்கு என்ன புள்ள வெயிலு?” என்பாள் கூட வேலை செய்யும் சின்னாயி. “மொகம் அடுப்புல வெச்ச சட்டி மாதிரி கெடக்குது. அதுக்குப் பூசு. நான் சொல்றதக் கேளு, தயிர்ல தக்காளியப் பெசஞ்சு தேய். இல்லீன்னா கத்தாழை. காசா, பணமா?”

“மொகம் கெடக்குதுக்கா.”

“அந்த ஒத்தக் கையப் பாத்து ஆரு மயங்கப் போறாங்க?”

களம் முழுக்கச் சிரிக்கும். கலைமணியும் கொஞ்சம் சிரிப்பாள்.

காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதும் அப்படித்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சட்டைக்கையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பிவந்து கையெழுத்திடுவாள். கிரீம் வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கிறாள் என்று மேற்பார்வையாளர் குருமூர்த்தி நினைத்தார்.

ஒருநாள் மூட்டை எடுத்த வியாபாரி, ஜவ்வரிசியில் ஏதோ சோப்பு வாசம் அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். குருமூர்த்தி நேராகக் களத்துக்கு வந்தார். கலைமணியின் இடது சட்டைக்கையில் கிரீம் ஊறி, அதில் மாவு அப்பியிருந்தது.

“அம்மிணி, இது திங்கற பொருளு. இனி கிரீம் பூசறதுன்னா களத்துல எறங்காத. கிரீம் வேணுமா, வேலை வேணுமா? சொல்லிப்போடு.”

“வேலை வேணுமுங்க.”

“அப்பக் குழாய்ல போய்க் கையக் கழுவீட்டு வா.”

அவள் நகரவில்லை. களத்தில் யாரும் ஜவ்வரிசியைப் புரட்டவில்லை.

“என்னைய வறுக்கற எடத்துக்கு மாத்திப்போடுங்க” என்றாள்.

“அங்க தீயில வெந்து இன்னும் கறுத்துப் போயிருவ. ஆம்பளைகளே நிக்கமாட்டேங்கறாங்க.”

“கறுத்தாப் பரவால்லீங்க. வெயில் படாம இருந்தாச் சரி.”

“அப்பிடி என்னதான் இருக்குது அந்தக் கையில? வியாதி கியாதி இருந்தா இப்பவே சொல்லு.”

கலைமணி குழாயடிக்குப் போனாள். சட்டைக்கையை மடித்து, தண்ணீரைச் சிறிதாகத் திறந்து, தேய்க்காமல் கழுவினாள். பிறகு கையை அவர் முன்னால் நீட்டினாள்.

பச்சை குத்தியிருந்தது. கோணல்மாணலாக, ஓர் எழுத்து பெரிதும் ஓர் எழுத்து சிறிதுமாக நான்கு எழுத்துகள். அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தன. அவள் பார்த்து எழுத வாகாக எழுதப்பட்டிருந்தன. குருமூர்த்தி தலையைச் சாய்த்துப் படித்தார்.

கலைமணி.

“என்ற புள்ள மதுமதி எழுதுனதுங்க. மூணாவது படிச்சா. ‘கைநாட்டு வெக்காத அம்மா, இதப் பாத்து எழுது’ன்னு பேனாவுல எழுதிவுட்டா. அது மேலயே ஊசி போடச் சொல்லிட்டேன். வெயில் பட்டா மங்கிப் போயிரும்னு பச்சை குத்துனவரு சொன்னாருங்க.”

அவர் முகம் இளகியது. சிரிப்பும் வந்தது.

“இதுக்கா இந்தப் பாடு? மை அழிஞ்சா மறுக்காவும் எழுதிவுடச் சொன்னா எழுதிவுட்டுட்டுப் போறா.”

கலைமணி சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“எந்த எடத்துக்குப் போகட்டுமுங்க?” என்று கேட்டாள்.

குருமூர்த்தி அன்றே அவளை மூட்டை தைக்கும் கொட்டகைக்கு மாற்றினார். சின்னாயி இன்னும் களத்தில்தான் இருக்கிறாள். தயிர், தக்காளி வைத்தியத்தை இப்போது வேறொருத்திக்குச் சொல்கிறாள். பாலசுந்தரம் கடையில் அந்தக் கிரீமை வரவழைத்து வைத்திருக்கிறார். கலைமணி இப்போது கையைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிறாள், ஆனாலும் கிரீம் பூசுவதை நிறுத்தவில்லை. மதுமதி போன ஆடியில், அம்மாவின் கையில் பெயர் எழுதிக்கொடுத்த மறுநாள், காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து எல்லோரும் தலை முழுகியபோது, கலைமணி மட்டும் இடது கையைத் தண்ணீர் படாமல் வெளியே நீட்டியபடி குளித்தாள்.