பாலத்துக்கு அந்தப் பக்கச் சட்டம்

“மோஸை விட்டுட்டு வரணும்னா, என்னையும் விட்டுடு நோரீன்!” போனில் அப்பா கத்தினார்.

“நானா விடச் சொல்றேன்? ஒன்டாரியோவுல பிட்புல் நாய்க்குத் தடைப்பா. கண்ணுல பட்டா பிடிச்சிட்டுப் போயிடுவாங்க.”

“இங்கே டெட்ராய்ட்டுல அது ராஜா மாதிரி நடக்குது. ஆத்தைத் தாண்டினா கொலைகாரனா? நல்லா இருக்கு உங்க நாட்டுச் சட்டம்!”

போனை வைத்துவிட்டார்.

அப்பா கிளைடுக்கு எழுபத்தெட்டு வயது. குளியலறையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாகிவிட்டது. ஆனாலும் தனியாகத்தான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு நாய்க்காகப் பெற்ற மகளையே வேண்டாம் என்கிறாரே என்று, கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்து ஒட்டாவாவில் இருந்த நோரீன் அழாத நாளில்லை.

இரண்டு நாட்டுச் சட்டங்களையும் வரி வரியாகப் படித்தாள். கடைசியில் வழி கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. ஊர்ப் பாலத்தைத் தாண்டினால் கியூபெக் மாநிலம். அங்கே அந்தத் தடை கிடையாது.

“நாய்க்காக வீட்டை விக்கிறவளை இப்பத்தான் பார்க்கிறேன்,” என்றான் கணவன் ஷேன்.

“நாய்க்காக இல்லை, அப்பாவுக்காக.”

வீட்டை விற்றார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலி போட்ட வீடாகப் பார்த்துக் குடிபோனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறி, புரியாத பிரெஞ்சில் திணறினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, அப்பாவிடம் சொல்லாமல் எட்டு மணி நேரம் காரோட்டி டெட்ராய்ட் போனாள் நோரீன். அந்த வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“இனிமே எந்தச் சாக்கும் சொல்ல முடியாதுப்பா. கிளம்புங்க!” வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்.

கிளைட் கதவைப் பிடித்துக்கொண்டார். “வீட்டையா வித்தே? அடிப் பைத்தியக்காரி...”

“இருங்க, முதல்ல மோஸ்கிட்ட சொல்லணும். மோஸ்! டேய் மோஸ்!”

உள்ளேயிருந்து எதுவும் ஓடி வரவில்லை.

“தோட்டத்துல இருக்கானா?”

“உங்கம்மா படுக்கையில கிடந்த மூணு வருஷமும் பார்த்துப் பார்த்து நீ பாதியா ஆயிட்டே. எனக்கும் உன்னை அதையே செய்ய வைக்க மனசு வரலைம்மா,” என்றார் கிளைட், அவள் முகத்தைப் பார்க்காமல். “மோஸ் போன பனிக்காலத்துலயே செத்துப்போச்சு.”