அக்கிலீஸின் மூக்கு

“சட்டையைக் கழற்றிப்போட்டு நிக்கிறார், மலரக்கா. என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்.”

கனகாம்பிகை இதை ரகசியமாகத்தான் சொன்னாள். லூயிஷாம் சந்தையில் வெண்டைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற வசந்தமலருக்கும், பக்கத்துக் கடை மீன்காரனுக்கும் மட்டுமே கேட்டது.

“ஆர்?”

“உங்கடை மனிசன்தான். அந்த ஐரிஷ்காரி மெற்றில்டாவின்ரை மேல்மாடியிலை. பஸ்ஸிலை போகேக்கை யன்னலுக்குள்ளாலை நேரை தெரிஞ்சுது. இந்த மார்கழிக் குளிரிலை, அக்கா!”

மூட்டு வருத்தத்தால் கோயிலில் உட்காரக் கதிரை கேட்டு வாங்கும் கனகாம்பிகை, இரண்டு தட்டுப் பஸ்ஸின் மேல்தட்டுக்கு எப்படி ஏறினாள் என்று நாங்கள் கேட்கக்கூடாது. ஊர் விஷயம் என்றால் மூட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

மெற்றில்டா தெருமுனை வீட்டில் தனியே இருக்கும் ஓவியக்காரி. கோடையில் தான் பிறந்த தீவுக்குப் போய்ப் பாறையும் அலையுமாகப் படம் பிடித்து வருவாள். குளிர்காலம் முழுக்க அந்தப் பாறைகளின்மேல் பழைய கிரேக்க வீரர்களை ஏற்றி வைத்து வரைவாள். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை செய்யும் வசந்தமலரின் புருஷன் பத்மநாதனின் வயிற்றை வைத்து எந்த வீரனை வரைகிறாள் என்பதுதான் கனகாம்பிகைக்குப் பிடிபடவில்லை.

“சனிக்கிழமையிலை ஓவர்டைம் எண்டெல்லே சொன்னவர்,” என்றாள் வசந்தமலர். சொல்லும்போதே வேறொன்று நினைவுக்கு வந்தது. போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, “இஞ்சேரும், வெளிச்சத்துப் பக்கம் ஒருக்காத் திரும்பும். உம்மடை மூக்கைப் பார்க்கவேணும்,” என்றார். கலியாணம் செய்த நாள் முதல் பார்க்காத மூக்கை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார்.

இதைக் கனகாம்பிகையிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

“வேறையென்ன, வெள்ளைக்காரியின்ரை மூக்கோடை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளையின்ரை திவசத்துக்கு ஒரு படம் வைச்சு மாலை போடாத மனிசன், அவளுக்குப் படம் கீறக் காட்டிக்கொண்டு நிக்கிறார்!”

வசந்தமலர் வெண்டைக்காயைப் போட்டுவிட்டுக் குடையைக் கையில் எடுத்தாள். ஒரே பிள்ளை போய்விட்டான், ஊரும் போய்விட்டது. மிஞ்சியது இந்த மனிசன் ஒருவர்தான். அவரையும் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் இருக்க அவளால் ஏலாது.

கதவைத் திறந்த மெற்றில்டா, கை முழுக்க வர்ணத்தோடு, “வாருங்கள்” என்றுதான் சொன்னாள். அதுவே கனகாம்பிகைக்குப் பெரிய ஏமாற்றம். வசந்தமலர் விறுவிறென்று படியேறினாள். மூட்டு வருத்தக்காரியும் பின்னாலேயே ஏறினாள்.

மேலே சுவர் முழுக்கத் தீவில் பிடித்து வந்த படங்கள். கறுத்த பாறை, வெள்ளை நுரை, பார்த்தாலே கை விறைக்கும் கடல். ஒரு மனிதக் குஞ்சும் இல்லை. நடுவில் ஒரு வாங்குப் பலகையின்மேல், மேலில் துணி இல்லாமல், வீடு கூட்டும் தும்புத்தடியை ஈட்டிபோலப் பிடித்தபடி பத்மநாதன்.

“வெக்கமில்லையே உங்களுக்கு?”

தும்புத்தடி விழுந்தது. பத்மநாதன் சட்டையைத் தேடினார். அது கதிரையில், மனைவியின் பக்கத்தில் கிடந்தது.

“தோள்...” என்றார். “அவனுக்கு என்ரை தோள்தானே, மலர். மூக்கு உம்மடை. மிச்சமும் எனக்கு மறந்துபோக முன்னம்...”

“ஆருக்குத் தோள்? ஆற்றை மூக்கு?” கனகாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

மெற்றில்டா வரைந்துகொண்டிருந்த படத்தை அவர்கள் பக்கம் திருப்பினாள். இது அக்கிலீஸ் என்று மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளையை எந்த ஆயுதமும் தொடக்கூடாது என்று தாய் அவனை ஆற்றில் முக்கி எடுத்தாளாம். அவள் இறுக்கிப் பிடித்திருந்த குதிக்காலில் மட்டும் தண்ணீர் படவில்லையாம். கடைசியில் அம்பு பட்டது அந்த இடத்தில்தானாம்.

வசந்தமலருக்கு அதில் பாதி விளங்கியது.

ஊரில், பிள்ளையைத் தேடி ஒழுங்கைக்குள் ஆமி வருகிறது என்ற அன்றைக்கு, அவள் அவன் படங்கள் ஒட்டிய அல்பத்தை அடுப்படிக்குக் கொண்டு ஓடினாள். முகம் தெரியாவிட்டால் பிள்ளை தப்பிவிடுவான் என்று நினைத்தாள். முதலாம் பிறந்தநாள், பள்ளிக்கூடச் சேட்டு, அரும்பு மீசை என்று ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே நெருப்பில் வைத்தாள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு கடலில் செத்தான் என்ற செய்திதான் வந்தது, உடல் வரவில்லை. நீ ஏன் எரித்தாய் என்று பத்மநாதன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது அந்தப் படத்தில், ஐரிஷ் கடலோரத்தில், நுரை தெறிக்கும் கறுத்த பாறையில், வெறும் மேலோடு ஒரு பெடியன் நின்றான். தோள் தகப்பனுடையது. மூக்கு அவளுடையது.

கனகாம்பிகை மூட்டு வருத்தத்தோடு குனிந்து, விழுந்த தும்புத்தடியை எடுத்துச் சுவரில் சாத்தினாள்.

வசந்தமலர் கதிரையில் கிடந்த சட்டையை எடுத்தாள். புருஷனிடம் கொடுக்கவில்லை. ஈரம் காயாத அந்தப் படத்துக்குக் கிட்டப் போய், சட்டையை விரித்துப் பிடித்தாள்.

“உனக்குக் குளிரேல்லையே, ராசா?”